பிதா என்று கூப்பிட

தையல்காரிக்கு ஐம்பது வயது. கோயிலில் எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்கும்போது அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். "பிதாவே" என்ற அழைப்பு முடிந்து, அவருடைய நாமத்தைப் பரிசுத்தம் என்று சொல்லும் இடம் வந்ததும்தான் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாரும் கவனித்ததில்லை என்று நினைத்திருந்தாள்.

காரணம் பின்அறையில் படுத்துக் கிடந்தது. அவள் அப்பா கோயில் மூப்பராக இருந்தவர், ஜெபிக்க எழுந்தால் கல்லும் கரையும் என்று பேரெடுத்தவர். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். வீட்டுக்கு வந்தால் இடுப்பு பெல்ட்டை உருவி அவளை அடிப்பார், பின்பு அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் மண்டியிட வைத்து, "எங்கள் பிதாவே" என்று உருகுவார். அழாமல் நின்றால் கல்லுளிமங்கி என்று இன்னும் இரண்டு விழும். பிதா என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முதுகு கூசும். அவரை அப்பா என்று கூப்பிடுவது வேறு. கஞ்சி வேணுமா என்று கேட்க ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாக வேண்டுமே.

குமரியாக இருந்தபோது ஒருமுறை, கடவுளை வேறு பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று போதகரிடம் கேட்டிருந்தாள். அவர் நல்ல மனுஷர், ஏனென்று துருவவில்லை.

"மேய்ப்பர்னு சொல்லும்மா. ராஜான்னு சொல்லு, கன்மலைன்னு சொல்லு. அவருக்குப் பேருக்கா பஞ்சம்? ஆனா இயேசு நமக்குச் சொல்லிக்கொடுத்தது பிதான்னுதான். என்னைக்காவது ஒரு நாள் அது உன் வாயில வரும்."

மேய்ப்பர் கையில் கோல் இருக்கிறது. ராஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் கன்மலையை எடுத்துக்கொண்டாள். பாறை கை ஓங்காது. அணைக்கவும் அணைக்காதுதான், அதற்கு அவள் ஆசைப்படவுமில்லை.

கல்யாணம் கூடிவரவில்லை. தம்பி தூரதேசத்தில் இருந்துகொண்டு போனில் பாசத்தைக் கொட்டினான். படுக்கையை மாற்றவும் மூத்திரக் குழாய் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் இவள்தான். முன்அறையில் பேன்ட்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருப்பாள், உள்ளே இருமல் கேட்டால் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓடுவாள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர், இனி மருந்து இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அன்று மத்தியானம் அதே போதகர் வந்தார். தலை நரைத்து, குரல் தளர்ந்திருந்தது. ஜெபிக்கலாமா என்று கேட்டதும் ஊரையே ஜெபத்தால் அழவைத்த கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போதகர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்புறம் வரேம்மா" என்று எழுந்து போனார்.

அவள் தலையணையைச் சரி செய்யக் குனிந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் இப்போது ஒரு பொத்தானைப் பூட்டக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் அவள் உடம்பு பழைய வழக்கத்தில் ஒடுங்கியது.

"நீ ஜெபத்து ஆரம்பத்துல வாயத் திறக்கறதே இல்ல. எனக்குத் தெரியும். பக்கத்துலதான நிப்பேன்."

அவள் மற்றக் கையால் தலையணையை இழுத்துவிட்டாள்.

"ஏன்னும் தெரியும்," என்றார். இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டார். "பயமா இருக்கும்மா. அங்க போனா... அவரும் என்னை மாதிரியே இருந்தா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது. நன்றாக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நியாயமும் அவள் பக்கம்தான். ஆனால் அடிக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த முகம் தலையணையில் கிடந்தது. அவளுக்கு வந்தது அன்பில்லை. ஒரு இரக்கம், அதன்மேலேயே ஆத்திரம்.

"இல்லப்பா. அவர் அப்படி இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"அப்ப நீ கூப்பிடு. எனக்கு வாய் வரல."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. அப்புறம் சொன்னாள், "பிதாவே." ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ பைக்கை உதைத்தார்கள்.

"இன்னொரு தரம்," என்றார் அப்பா.

சொன்னாள். சாயங்காலம் வரை, மூச்சு அவர் நெஞ்சைவிட்டுத் தொண்டைக்கு ஏறும்வரை, கேட்டபோதெல்லாம் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"அடிக்க மாட்டாரில்ல?"

"மாட்டார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார், பிடி தளர்ந்தது. அவள் சொன்னதை நம்பி அவர் போய்விட்டார். அவளுக்கு அப்படிச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.