விளக்கு லைனில் ஹீட்டர்

கூரைக்கடியில் தட்டுமுட்டுச் சாமான் அடைந்து கிடந்த பரணை அறையாக்கிய புண்ணியம் டிரைவரம்மாவின் கொழுந்தனைத்தான் சேரும். இரண்டு தம்பிகளோடு ஒரே அறையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் மகளுக்கு இப்போது தனி அறை. கட்டில், மேஜை, சுவர் முழுக்கப் பிளக் பாயிண்ட். அத்தனையும் அவன் கைவேலை. சும்மா செய்து கொடுத்தான் என்பதால் வீட்டில் ஒருத்தரும் குறை சொல்ல வாயைத் திறப்பதில்லை.

அன்று மாலை அவன் மனைவி மக்களோடு வந்திருந்தான். டிரைவரம்மாவின் மகள் மேலே போய்க் குளிருக்கு ஹீட்டரைப் போட்டாள். கீழே படிக்கட்டு விளக்கு மங்கியது.

டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது. பஸ் ஓட்டிப் பிழைப்பதால் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வண்டியில் புதிதாக ஒரு முனகல் கேட்டாலே ஓரங்கட்டிவிடுகிற ஆள். எழுந்து போய் மெயின் போர்டைத் திறந்து, ‘மாடி விளக்கு’ என்று எழுதியிருந்த பிரேக்கரைக் கீழே தள்ளினாள். படிக்கட்டு இருண்டது. கூடவே மேலிருந்து குரல் வந்தது.

“அம்மா! ஹீட்டர் நின்னுபோச்சு!”

அவளுக்குப் புரிந்துவிட்டது. விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வயரோ பரண் தரைக்கடியில், குளிர் தடுக்கப் பரப்பிய பஞ்சுக்குள் புதைந்து கிடக்கிறது. சூடானால் ஆறக்கூட வழியில்லை. அதற்கு மேல்தான் மகளின் கட்டில்.

“தம்பி, மேல பிளக் பாயிண்டுக்கு லைன் எங்கேர்ந்து எடுத்தே?”

“விளக்கு லைன்லேர்ந்துதான் அண்ணி. அதுதான் பக்கத்துல இருந்துச்சு. போர்டுலேர்ந்து இழுக்கணும்னா சுவரையெல்லாம் உடைக்கணும்.”

“லோடு ஏறினா பிரேக்கர் தானா விழணுமே, விழலையா?”

“மொதல்ல விழுந்துகிட்டேதான் இருந்துச்சு. அதான் பெருசா ஒண்ணு மாத்திட்டேன். இப்ப பாருங்க, விழறதே இல்ல!” முகமெல்லாம் பெருமை.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வயர் தாங்காது, தாங்காது என்று சொல்லத்தான் அது ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்கிறது. இந்த மகானுபாவன் அதன் வாயை அடைத்துவிட்டு வந்து நிற்கிறான்.

“என் பஸ்ஸுல இஞ்சின் கொதிக்குதுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சா, பல்பைக் கழட்டி வீசிட்டு ஓட்டுவேனா? நீ அதைத்தான் பண்ணியிருக்கே!”

“நல்லாத்தானே ஓடுது? ஒண்ணும் ஆகாது அண்ணி.”

ஒண்ணும் ஆகாதாம்! ஆன பிறகு யாரிடம் போய் அழுவது?

கணவன் குறுக்கே வந்தான். “மெதுவா பேசேன். லீவு போட்டு, முதுகு ஒடிய செஞ்சு குடுத்தான். அவன் மனசு கஷ்டப்படும்ல?”

“உங்க தம்பி மனசு வாடக் கூடாதுன்னு என் பொண்ணு நெருப்பு மேல படுக்கணுமா? லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன் வரட்டும். போர்டுலேர்ந்து தடியா தனி வயர் இழுத்து, அதுக்கேத்த பிரேக்கர் போட்டு, சோதிச்சுப் பார்க்கட்டும். அதுவரைக்கும் அவ கீழதான் படுப்பா.”

கொழுந்தன் மனைவி, அவள் ஓரகத்தி, சின்ன மகனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். “எவ்வளவு செஞ்சாலும் இந்த வீட்டுல நல்ல பேர் கிடையாது” என்று முணுமுணுத்தாள்.

“சரிம்மா. உன் வீட்டுக்காரர் வேலையில உனக்கு நம்பிக்கை இருக்குல்ல? இன்னிக்கு உன் புள்ள மேல தூங்கட்டும். ஹீட்டரை நானே போட்டு விடறேன்” என்றாள் டிரைவரம்மா.

ஓரகத்தியின் கை பிள்ளையை இறுக்கிக்கொண்டது. அவள் மெல்லத் தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, நம்ம வீட்டுப் பரணையும் நீங்கதானே அறையாக்குனீங்க? அங்கயும் விளக்கு லைன்லேர்ந்துதானா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“பிரேக்கரையும் மாத்திட்டீங்களா?”

“அதுவும்... விழுந்துகிட்டே இருந்துச்சு.”

“அடப்பாவி மனுஷா! போன குளிர்காலம் பூரா என் புள்ளயை அங்கதானே படுக்க வெச்சேன்!” சட்டென்று அவள் முகம் வெளுத்தது. “கிளம்பும்போது, திரும்பி வர்றப்ப ரூம் கதகதப்பா இருக்கட்டும்னு ஹீட்டரைப் போட்டுட்டு வந்தீங்களே?”

கொழுந்தன் எழுந்தான். வீடு அடுத்த தெருதான். செருப்பைக்கூட மாட்டாமல், கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினான், ஒண்ணும் ஆகாது என்று சொன்ன அதே ஆள்.