நேராகப் போனால் இரண்டு மணி நேரம்

உற்றார், உறவினர், கிட்டப்பார்வைக்காரர், தூரப்பார்வைக்காரர் அனைவரும் அறிய வேண்டிய மாபெரும் செய்தி என்னவென்றால், கண்ணாடிக்கடைக்காரர் விமானம் ஏறப் போகிறார். வெளியூரில் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். நம் பெண் வீட்டுப் பக்கத்தில் யாரும் இன்னும் பார்க்கவில்லை. முதலில் கையில் வாங்கப் போவது தாத்தாதான். இந்த ஒரு விஷயத்திலாவது சகலை முந்த முடியாது.

சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எத்தனை மணி நேரம்?"

"ரெண்டு."

"ரெண்டா? பெல்ட்டு மாட்டுறதுக்குள்ள எறக்கி விட்ருவானே, சகல. நான் என் பையனைப் பாக்கப் போனப்ப அஞ்சு மணி நேரம். முழுசா வானத்துல."

அந்த ஐந்து மணி நேரம் மூன்று வருஷமாகக் குடும்பத்துக்கே மனப்பாடம். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சகலை அதைச் சொன்னதாகக் கேள்வி. கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. வந்தவர்களின் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல பெருசா தெரியுதா, அதுல பெருசா தெரியுதா?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த ஐந்துதான்.

மறுநாளே டிக்கெட் போடுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"இதைவிட நீளமா எதுவும் இல்லையா?"

தொழிலில் இப்படி ஒரு கேள்வியைச் சந்தித்திராத அந்த மனிதர் கணினியைத் தட்டினார். "தெற்க மூணு மணி நேரம் போய், அங்க வேற விமானம் மாறி, திரும்ப வடக்க அஞ்சு மணி நேரம் வந்தா எட்டு ஆகும். ஆனா எதுக்கு சார்?"

"அதையே போடுங்க."

"மக வடக்க இருக்கா. நாம ஏன் தெற்க போறோம்?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

வழியனுப்ப விமான நிலையத்துக்குச் சகலையும் தன் மனைவியோடு வந்திருந்தார். கடைக்காரர் எட்டு விரல்களைக் காட்டினார். சகலையின் முகம் சுருங்கியதே, அந்த ஒரு நொடிக்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று.

தெற்கே போய், நாற்காலியில் அரை நாள் முதுகு நோகக் காத்திருந்து, மறுபடி ஏறினார்கள். முன்னாலிருந்த திரையில் வரைபடம் ஓடியது. விமானம் அவர்கள் சொந்த ஊருக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கேஸை அணைச்சோமா?" என்றாள் மனைவி.

அவர் மனசுக்குள் மணியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மகள் வீட்டு வாசலில் தெரிந்த செருப்பாக இருந்தது. உள்ளே சோபாவில், பேரனை மடியில் போட்டுக்கொண்டு சகலை.

"வாங்க சகல. நீங்க எட்டு விரலைக் காட்டினதும் எங்களுக்கும் ஆசை வந்துருச்சு. அங்கயே அடுத்த விமானத்துல எடம் இருந்துச்சு, ஏறிட்டோம். ரெண்டே மணி நேரம்."

"பெரியப்பாகிட்ட ஒட்டிக்கிட்டான்பா, கீழ விட்டா அழறான்," என்றாள் மகள். "இப்பதான் தூங்குறான். முழிச்சதும் நீங்க வாங்கிக்கங்க."

"எட்டு மணி நேரம், சகல," என்றார் கடைக்காரர், எதிர் நாற்காலியில் சாய்ந்தபடி. "முழுசா வானத்துல."

குழந்தை விழித்தபோது தாத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.