காஜாக்காரர் வீட்டு அளவுகள்

போர் தொடங்கிய நாற்பதாம் நாள் காலையில், கடைத்தெரு தையல் மாஸ்டரின் அளவு நோட்டில் காஜாக்காரர் குடும்பத்தின் அளவுகள் தாமாகவே குறைய ஆரம்பித்தன. காஜாக்காரரின் மார்பு முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தேழரைக்கு வந்தது. அவர் மனைவியின் இடுப்பு அரை இஞ்சு இறங்கியது. எழுத்து மாஸ்டரின் எழுத்துதான், மை அவருடைய பேனா மைதான். அடித்ததோ அழித்ததோ இல்லை. மாஸ்டர் முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார், அடுத்து எதையும் எடுத்த இடத்தில் வைக்காத தன் மனைவியைச் சந்தேகப்பட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார், பிறகு போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அதற்குள் இன்னும் கால் இஞ்சு போயிருந்தது.

காஜாக்காரர் என்பவர் பதினோரு வருஷம் மாஸ்டருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்தவர். பொத்தான் நுழைகிற ஓட்டைக்கு நூலால் ஓரம் கட்டும் அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. மாஸ்டர் முணுக்கென்றால் அதற்கு ஒரு கிண்டல் வைத்திருப்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் மாமனார் விட்டுப்போன வீடு பூட்டிக் கிடக்கிறதே, வாடகையாவது மிச்சமாகட்டும் என்று, போருக்கு ஆறு மாதம் முன்னால் மனைவி, பத்து வயது மகள், மூன்று வயதுச் சின்னவனோடு புறப்பட்டுப் போனார். கேடுகாலம், வேறென்ன சொல்ல. போகிற வாரம் மாஸ்டர் நாலு பேருக்கும் அளவெடுத்து ஆளுக்கு இரண்டு உடுப்பு தைத்துக் கொடுத்தார். நோட்டில் ஒரே பக்கத்தில் இருந்த அந்த நாலு வரிகள்தான் இப்போது தேய்ந்துகொண்டிருந்தன.

வாரத்துக்கு ஒருமுறை போன் கிடைக்கும். "என்னண்ணே தைச்சிருக்கீங்க, பேன்ட்டு இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. கயிறு போட்டுக் கட்டிக்கிட்டுத் திரியறேன்" என்பார் காஜாக்காரர். "வாடா வா, பிடிச்சுத் தர்றேன், கூலி தனி" என்று மாஸ்டரும் சிரிப்பார். போனை வைத்த பிறகு, வெட்டிப்போட்ட துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவார். அங்கே ரொட்டிக் கடைகள் மூடிப் பத்து நாளாகியிருந்தது. ஒரு கிலோ மாவு, இங்கே ஒரு கோட்டுக்கு வாங்கும் தையல்கூலிக்கு விற்றது. அதிலும் பாதி தூசி.

மாஸ்டர் பணம் திரட்டக் கிளம்பினார். கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். மூன்று கடை ஏறி இறங்குவதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. இரும்புக் கடைக்காரர் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார்: "மாஸ்டர், போனைத் திறந்தா தினம் இதே படம்தான். பாத்துப் பாத்து மரத்துப்போச்சு. எத்தனை பேருக்குன்னு குடுப்பேன்?" மாஸ்டர் நோட்டை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காஜாக்காரர் மனைவியின் முப்பத்திரண்டு மெல்ல முப்பத்தொன்றே முக்கால் ஆனது. இரும்புக் கடைக்காரர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கல்லாவில் இருந்ததை அப்படியே அள்ளிக் கொடுத்தார், சில்லறை உட்பட. அதன் பிறகு மாஸ்டர் எங்கே போனாலும் நோட்டு கூடவே போனது. பஸ் டிப்போவில் காட்டினார், பள்ளிக்கூடத்து வாத்தியார்களிடம் காட்டினார், மாவு மில்லில் வரிசையில் நின்றவர்களிடம் காட்டினார். எண் எப்படித் தானாக மாறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். பணத்தை அந்தப் பக்கம் கொண்டு சேர்க்கிற தரகர் நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொண்டார். அவர் மட்டும் நோட்டைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த எண்களை வைத்து உயிரை அளக்கலாம் என்று சொன்னவர், யூனிஃபார்ம் தைக்க வரும் நர்சம்மா. மார்பு, இடுப்பையெல்லாம் விட்டுவிட்டுக் கைச்சுற்றைப் பார்க்கச் சொன்னார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் எடுக்கிற அளவு. "சின்னவனுக்கு நாலரைக்குக் கீழ போனா ஆபத்து, மாஸ்டர். பொண்ணுக்கு ஆறேகால். அதுக்கு மேல இருந்தா தாக்குப்பிடிக்கும்." மாஸ்டர் அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அந்த இரண்டு எண்களையே பார்த்திருந்தார்.

போரின் ஏழாம் மாதம், பிள்ளைகளை எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வண்டியில் இடம் வாங்கலாம் என்று தெரியவந்தது. எல்லோரும் சேர்ந்து புரட்டிய பணம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போதுமாக இருந்தது. மாஸ்டரின் மனைவி கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தும் இரண்டாவது இடத்துக்குக் காணவில்லை. காஜாக்காரர் போனில் கிசுகிசுத்தார், கிண்டலெல்லாம் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது. "யாரை ஏத்தறதுண்ணே? தினம் பாத்துக்கிட்டே இருக்கறதுல எங்களுக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டும் ஒரே மாதிரிதான் கெடக்குதுங்க. நோட்டு என்ன சொல்லுது?" மாஸ்டர் பார்த்தார். மகளுக்கு ஆறு, சின்னவனுக்கும் ஆறு. மகளுக்கு ஆறு என்றால் ஆபத்து. சின்னவனுக்கு ஆறு என்றால் ஒன்றரை இஞ்சு மிச்சம். குரலைத் திடமாக வைத்துக்கொண்டு, "பெரியவளை ஏத்துடா. சின்னவன் தாங்குவான். அடுத்த மாசம் அவனுக்குப் புரட்டிடறேன்" என்றார்.

மகள் செவ்வாய்க்கிழமை வண்டி ஏறினாள். வியாழக்கிழமை சின்னவனின் வரி இறங்குவது நின்றது. வெள்ளி, சனி, ஞாயிறு, ஒரு நூல்கூட இறங்கவில்லை. அனுப்பின பணம் வேலை செய்கிறது, பையன் தேறிவிட்டான் என்று மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை கடைத்தெருவில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நோட்டைத் தூக்கிக் காட்டி, "பாருங்கய்யா, மூணு வயசுப் பொடியன், கெட்டிக்காரன், பிடிச்சு நிக்கறான்" என்றார். அந்த டீ ஆறுவதற்குள் போன் வந்தது. சின்னவன் வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டானாம். நாலு நாளாக லைன் கிடைக்கவில்லையாம்.

ஆறு இஞ்சு கைச்சுற்று உள்ள பிள்ளை எப்படிச் சாகும்? மாஸ்டர் டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு அன்று முழுக்க அதையே யோசித்தார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி தன் மகனைச் சட்டைக்கு அளவெடுக்கக் கூட்டி வந்தாள். மாஸ்டர் கைச்சுற்று ஏழு எடுத்து நோட்டில் ஒன்பது என்று எழுதினார். எழுதிய கை அப்படியே நின்றது. முப்பது வருஷப் பழக்கம். சின்னப் பிள்ளை என்றால், வளர்கிற உடம்பு என்று, எடுத்த அளவோடு இரண்டு இஞ்சு கூட்டித்தான் எழுதுவார். காஜாக்காரர் மகள், தொளதொளவென்று இருந்தால் போடவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள், அதனால் அவளுக்கு எடுத்ததை எடுத்தபடி எழுதியிருந்தார். சின்னவனுக்குக் கூட்டி எழுதியிருந்தார். நோட்டுக்கு எழுதினதுதானே தெரியும், அதிலிருந்துதான் அது குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பையனின் உண்மையான கைச்சுற்று நாலு. "நானே கொன்னுட்டேனே" என்று மாஸ்டர் வாய்விட்டுச் சொன்னார். டேப் மாஸ்டர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரி என்ன ஏது என்று புரியாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை லைன் கிடைத்தபோது ஒன்று விடாமல் சொன்னார். காஜாக்காரர் சொன்னார்: "நீங்க அளவெடுத்த அன்னிக்கு அவன் வளர்ற பிள்ளைதானேண்ணே. சரியாத்தான் எழுதியிருக்கீங்க." மாஸ்டருக்கு அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பணம் திரட்டுவதை அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒன்றரை வருஷம், சின்னவனின் வரியை மட்டும் விரலால் மறைத்துக் காட்டியபடி, நோட்டோடு அலைந்தார். ஆளும் பாதியாகிவிட்டார். மூன்று பேரும் பிழைத்தார்கள். மகள் தேறி வீடு திரும்பினாள், சண்டை ஓய்ந்தது, காஜாக்காரர் இடிந்த வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பாதை திறந்ததும் மாஸ்டர் முதல் பார்சலை அனுப்பினார், மூன்று பேருக்கும் புது உடுப்பு. கிடைத்த அன்றே காஜாக்காரர் மனைவி கூப்பிட்டாள். "எல்லாம் அளவா இருக்குண்ணே. ஆனா மூணு பேருக்குத்தானே இருக்கு?"

மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. சின்னவனின் வரி வியாழக்கிழமை நின்று, நாற்பது நாள் அப்படியே கிடந்து, பிறகு ஏற ஆரம்பித்திருந்தது. வருஷத்துக்கு இரண்டு இஞ்சு உயரம், அரை இஞ்சு தோள், வளரும் பிள்ளைக்கு எப்படியோ அப்படியே. எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். தோளளவை மட்டும் அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். "அவங்கப்பா மாதிரி தோள் அகலம்" என்றாள். "அவனுக்கும் அனுப்புங்கண்ணே."

அதிலிருந்து பார்சலில் நாலு பேருக்கு உடுப்பு போகிறது. அனுப்புகிற ஆபீஸில் எத்தனை பேருக்கு என்று கேட்டால் மாஸ்டர் நாலு என்பார், அப்படியே எழுதிக்கொள்வார்கள்; தன் வண்டியில் பார்சலை அங்கே கொண்டுபோகிற இரும்புக் கடைக்காரர் ஏற்றுக்கூலி வாங்குவதில்லை. இந்த வருஷம் சின்னவனுக்குப் பத்து வயது, தோள் பதினான்கு, கழுத்து பன்னிரண்டரை. கட்டம் போட்டது வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைகள் அதைப் போடுவதில்லை என்று அவன் அம்மா சொல்லியிருந்தாள். மாஸ்டர் வெள்ளையில் தைத்தார்.