ஸ்டேஷன் அக்கா வாசித்த நாலாம் பாடம்

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் சிட்டு ஒரு தலையை நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டே மூன்றாம் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தலைக்குச் சொந்தக்காரி பேங்கில் வேலை பார்ப்பவள். கழுத்தை வாஷ்பேசினில் சாய்த்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வரிக்கு வரி "ம்" கொட்டிச் சரிபார்த்தாள். பிளீச் பவுடரை எதில் கலக்க வேண்டும், எதில் கலக்கக் கூடாது, கண்ணில் பட்டுவிட்டால் எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிட்டு ஒன்றையும் விடவில்லை. கடைசி வரி முடிந்ததும் பேங்க்காரி புத்தகத்தை இறக்கி, "இதுக்கு மேல நீ என்னடி படிக்கப்போற? பாஸ் தான் போ" என்றாள். "வாயை மூடுங்க, நுரை உள்ள போயிடும்" என்றாள் சிட்டு.

சிட்டு என்பது பார்லர் முதலாளியம்மா வைத்த பெயர். நாற்காலியைச் சுற்றித் தத்தித் தத்தி வெட்டுவாளாம், அதனால். முதலாளியம்மா மாதக் கடைசியில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். கண்ணாடி, நாற்காலி, வாஷ்பேசின் எல்லாவற்றோடும் கடையைச் சிட்டுவிடமே விட்டுப் போகத் தயார். ஆனால் பார்லர் நடத்த லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குச் சுகாதாரப் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். சிட்டு அதை இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டது. மூன்றாவது தடவையும் போனால் அப்புறம் இரண்டு வருஷம் எழுத முடியாது. அதற்குள் கடை வேறு யார் கைக்காவது போயிருக்கும். சிட்டு திரும்பவும் யாரோ ஒருவரின் கடையில், யாரோ ஒருவர் காட்டும் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு தடவையும் அவள் எல்லாரையும் போலத்தான் படித்தாள். நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்குப் போய், மகளைப் பள்ளிப் பாடத்தோடு உட்காரவைத்து, தானும் பக்கத்தில் புத்தகத்தை விரிப்பாள். இரண்டாவது பத்தியில் கண் சொக்கிவிடும். மகள்தான் தட்டி எழுப்பி, "அம்மா, நீ குறட்டை விடற, எனக்குக் கணக்கு வரமாட்டேங்குது" என்பாள். எழுத்து கண் வழியாகப் போனால் சிட்டுவின் மண்டையில் தங்காது. காது வழியாகப் போனால் தங்கும். எந்த வாடிக்கையாளர் எப்போது எதைச் சொல்லி அழுதார், யாருடைய மாமியார் என்ன சொன்னார் என்று வருஷக்கணக்கில் நினைவு வைத்திருப்பவள் அவள். அது உறைத்தபிறகு இந்தத் தடவை வழியை மாற்றினாள். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். ஆளுக்கொரு பாடம். அவள் கை தலையில் இருக்கும், காது வாசிப்பவரின் வாயில் இருக்கும். புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே துண்டு முடிகள் ஒட்டிக்கொண்டன, அட்டையில் டை கறை ஏறியது. ஆனால் பாடம் ஏறியது.

அதிலும் நாலாம் பாடம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தோல் நோய்களும் தலை நோய்களும். கேள்விகள் அதிலிருந்துதான் அதிகம் வரும், போன இரண்டு தடவையும் காலை வாரியது அதுதான். அதனால் அதை மட்டும் ஸ்டேஷன் அக்காவிடம் கொடுத்திருந்தாள். ரயில்வே ஸ்டேஷனில் முப்பது வருஷம் மைக்கில் அறிவிப்பு சொன்னவர் அவர். அந்தக் குரல் ஒரு வார்த்தை சொன்னால் பிளாட்ஃபாரமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளாட்ஃபாரத்துக்கு ஓடும். இப்போது அங்கே பதிவு செய்த குரல் பேசுகிறது, அக்கா வீட்டில் இருக்கிறார். டை அடிக்க, எண்ணெய் தேய்க்க, நுனி வெட்ட என்று வாரா வாரம் வருகிற நாட்களில் அவர் நாலாம் பாடத்தை வாசித்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அன்றைக்கும் வந்தார். கடைசி ஒத்திகைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், முடியும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீப்புத் தட்டில் வைத்துவிட்டு, புத்தகத்தை மடியில் விரித்து, "நாலாம் பாடம்" என்று ஆரம்பித்தார். சிட்டு இடது பக்கத்தை வெட்டி முடித்து வலது பக்கத்துக்குத் தத்தியபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள்.

"முடி வெட்டணும்க்கா. நாளைக்கு ஒரு இண்டர்வியூ" என்றாள். ஸ்கார்ஃபை அவிழ்த்துக் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். உள்ளங்கையளவு இடத்தில் முடியே இல்லாமல் பளபளவென்று இருந்தது. "இது வெளிய தெரியாத மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுங்க."

சிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பயத்தால் இல்லை. படித்த பாடத்தைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் தானாக வந்து நிற்கிறதே என்ற பெருமை அதில் கொஞ்சம் இருந்தது. "இது பூச்சிவெட்டும்மா. முடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். சீப்பு, கத்தரி, துண்டு எல்லாத்துலயும் ஒட்டி அடுத்தவங்களுக்குப் பரவும். முழுசா குணமாகற வரைக்கும் பார்லர்ல சேவை தரக்கூடாது" என்று ஒரு திக்கல் திணறல் இல்லாமல் சொன்னாள். நாற்காலியில் இருந்த ஸ்டேஷன் அக்கா எதிரே சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "இது பரவாதுன்னு டாக்டர் சொன்னாருக்கா."

"டாக்டர் சொல்லியிருக்கலாம்மா. எங்க புத்தகத்துல அப்படி இல்லையே."

"எந்தப் புத்தகம்?"

சிட்டு அக்காவின் மடியைக் காட்டினாள். அந்தப் பெண் கோபமாக எடுக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி வாசித்தாள். அப்புறம் புத்தகத்தைத் திருப்பிச் சிட்டுவிடம் நீட்டினாள். சிட்டு விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பூச்சிவெட்டுக்குக் காரணம் பூச்சி அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. தொற்றாது. வாடிக்கையாளருக்கு வழக்கம்போலச் சேவை செய்யலாம், அவர் மனம் நோகாமல் நடந்துகொள்ள வேண்டும்.

சிட்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். அடுத்த பக்கம் போனாள். படர்தாமரை பூஞ்சையால் வருவது, தொற்றும். அக்கா வாசித்தபோது அது உடம்புச் சூட்டால் வருவது, மோர் குடித்தால் போதும். செதில் செதிலாக உதிரும் நோய் தொற்றாது. அக்காவின் வாசிப்பில் அது தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. தலைப்புகள் மட்டும் சரியாக இருந்தன. தலைப்புகள் பெரிய எழுத்தில் இருந்தன.

சிட்டு சீப்புத் தட்டில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"அக்கா. இது இல்லாம உங்களுக்குப் படிக்க வருமா?"

ஸ்டேஷன் அக்கா தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தலைப்பு தெரியும்."

"மீதி?"

"மீதி எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்." அந்தக் குரல் இப்போது பிளாட்ஃபாரத்தை எட்டாது, பக்கத்து நாற்காலியைக்கூட எட்டாது. "மைக்கைப் பிடிச்சா தயங்கக் கூடாதுன்னு பழகிட்டேன்டி. வண்டி எங்க நிக்குதுன்னு தகவல் வரலைன்னாலும் ஏதாவது சொல்லித்தான் ஆகணும். நீ வெட்டறப்போ கண்ணாடி இடிக்கும், கழட்டுங்கன்ன. அப்புறம் படிங்கன்ன. எனக்குத் தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேலையை விட்டப்புறம் என்னை யாரும் எதையும் படிக்கச் சொன்னதில்ல."

சிட்டுவுக்கு வந்த கோபத்தில் கத்தரியைச் சுவரில் விட்டெறிந்திருப்பாள். கத்தரி நல்ல கத்தரி, அதனால் மேஜைமேல் வைத்தாள். மூன்று மாசம். வாரா வாரம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டு, வெங்காயம் நறுக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் சொல்லிப் பார்த்து, கல்லில் வெட்டின மாதிரி மனசில் பதித்து வைத்திருந்தது அத்தனையும் பொய். அழுதால் இன்றைய பொழுது போய்விடும், நாளைக்குப் பரீட்சை. இதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

அக்காவின் கழுத்தில் இருந்த துணியை அவிழ்த்து உதறினாள். "எழுந்திரிங்க. அந்த பெஞ்சுல உக்காருங்க. கண்ணாடியைப் போடுங்க. நாலாம் பாடம், முதல் வரியில இருந்து."

"பாதி தலை அப்படியே நிக்குதேடி."

"பாதி பாடம்கூட எனக்கு இல்லை. படிங்க."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். அவள் ஸ்கார்ஃபைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். "தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கம்மா. உக்காரு, நான் வெட்டறேன்" என்றாள் சிட்டு. அவள் கதவைப் பார்த்தாள், சிட்டுவைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "காதுக்குப் பின்னாடி நீளமா விடுங்க. குட்டையாயிட்டா தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷன் அக்கா வாசித்தார். ஒரு பக்கம் தோள் வரைக்கும், ஒரு பக்கம் கழுத்து வரைக்கும் முடியோடு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல்முறை வாசிக்கச் சொன்ன பிள்ளையைப் போலத் தடுமாறி வாசித்தார். எழுத்தை உள்ளபடியே வாசிக்க அவருக்கும் புதிதாகத்தான் இருந்தது. சிட்டு அந்தப் பெண்ணின் முடியைப் பிரித்துக் கிளிப் போட்டாள். அந்த இடத்தை விரலால் தொட்டாள். வழவழப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. செதில் இல்லை, சிவப்பு இல்லை, புண் இல்லை. தொட்டதும் பெண்ணின் தோள் ஒரு கணம் இறுகி, பிறகு தளர்ந்தது. முடி கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து வெளியாள் யாரும் அங்கே தொட்டிருக்க மாட்டார்கள் என்று சிட்டுவுக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியம்மா உள்ளே வந்து பெஞ்சைப் பார்த்து, "என்னடி இது, பாதியில விட்டிருக்க?" என்று அலறினார்.

"பாடம் முடிஞ்சதும் மீதி" என்றாள் சிட்டு.

பெண் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். தலையைக் குனிந்து, நிமிர்ந்து, உதறிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. ஸ்கார்ஃபைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான தொல்லை ஆரம்பித்தது. அக்காவின் வலது பக்கத்தையும் சிட்டு வெட்டிச் சரிசெய்ததும் அக்கா கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பழைய பதில்தான் முந்திக்கொண்டு வந்தது. படர்தாமரை என்றால் மோர். செதில் என்றால் தொட்டாலே ஒட்டும். மூன்று மாசம் கேட்ட குரல் ஒரு மத்தியானத்தில் போய்விடுமா? சிட்டு தலையைப் பிய்த்துக்கொண்டாள். இருப்பதை அழிக்கப் பார்த்தால் சரியானதும் சேர்ந்து அழிந்தது. சாயங்காலம் கடையைக் கூட்டும்போது அக்கா ஓரமாக நின்று, "நாளைக்கு இந்தப் பாடத்தை விட்டுடு. மத்ததை நல்லா எழுது. என்னால உனக்கு இருக்கற மார்க்கும் போக வேண்டாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"விடமாட்டேன்" என்றாள் சிட்டு. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உங்க பதில் வந்தா வரட்டும். வந்து உக்காந்துக்கட்டும். அதுக்குப் பின்னாடி புத்தகம் வரும், அதை நான் எழுதறேன். கேளுங்க. திருப்பி முதல்ல இருந்து."

அக்கா கேட்டார். சிட்டு முதலில் பொய்யைச் சொன்னாள், "இது நீங்க" என்றாள். பிறகு நிஜத்தைச் சொன்னாள், "இது புத்தகம்" என்றாள். அக்காவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. நாலைந்து கேள்விக்கு அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

மறுநாள் பரீட்சைக் கூடத்தில் மேஜைகள் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். சிட்டுவுக்கு முன்னால் இருந்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேள்வித்தாள் வந்தது. சிட்டு மூன்றாம் பாடத்துக் கேள்விகளையும் ஐந்தாம் பாடத்துக் கேள்விகளையும் தாண்டி, இரண்டாம் பக்கத்தில் அதிக மார்க் போட்டிருந்த கேள்விக்கு நேராகப் போனாள். எந்தெந்த நோய் உள்ளவர்களுக்குச் சேவை மறுக்க வேண்டும், யாருக்கு மறுக்கக் கூடாது, காரணத்தோடு எழுதுக.

வாசித்து முடிப்பதற்குள் அவள் காதுக்குள் ஸ்டேஷன் அக்கா ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷத்து மைக் குரல், ஒரு திக்கல் இல்லை, கூடம் முழுக்க எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் போலிருந்தது. சிட்டு குறுக்கிடவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினாள். அக்கா கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடிக்கட்டும் என்று பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தாள்.