ஆநிரை மீட்டவன் அசையாமல் நின்ற புதன்கிழமை

ஸ்கேன் எடுக்கும்போது நடுகல்லில் இருப்பவர்கள் அசையக் கூடாது. பெரும்பாலோர் ஒழுங்காகவே நின்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நின்று பழகியவர்களுக்கு இன்னும் இருபது நிமிடம் ஒரு பொருட்டில்லை. ஏரிக்கரை வீரன் மட்டும் அசைந்தான்.

தொல்லியல் துறையிலிருந்து ஸ்கேன் எடுக்க வந்த தனசீலன் மூன்று நாளாக அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கணினியில் வீரனுக்கு இரண்டு தலை வந்தது, ஒன்று நேராக, இன்னொன்று இடப்பக்கம் திரும்பி. மேலிடத்தில் இரண்டு தலையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கல் போனாலும் கோப்பிலாவது இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையே. வியாழக்கிழமை சாலை போட இயந்திரம் வருகிறது. கல் முழுக்க விரிசல், பெயர்த்தால் கையோடு உதிர்ந்துவிடும். போன வருடம் இப்படித்தான் ஒரு கல்லைப் பறிகொடுத்தார். அதை நினைத்தால் இன்னமும் அவருக்குச் சோறு இறங்காது. இன்று புதன்.

மாதம்மாள் சீம்பால் சொம்போடு வந்தாள். அவள் மாடு கன்று போட்டிருந்தது. முதல் பாலை வீரனுக்கு ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். மாடும் கயிற்றோடு பின்னால் வந்தது.

"கல்லு ஈரமானா ஸ்கேன் ஆவாதும்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார் தனசீலன்.

அவள் சொம்பை இறக்கிவைத்தாள். வீரன் மறுபடியும் திரும்பினான்.

"ஒரு நிமிஷம் சும்மா நிக்கறானா பாருங்க."

"எப்படி சார் நிப்பான்? களவு போன மாட்ட மீட்கப் போயித்தான செத்தான். அவன் காலடியில மாடு செதுக்கியிருந்துச்சு, அந்தப் பக்கம் ஒடஞ்சுபோச்சு. மாடு வந்து சேந்துச்சான்னு தேடறான்."

தனசீலனுக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று நாளாக அவனை அதட்டியிருக்கிறார்.

மாதம்மாள் தன் மாட்டை வீரனின் இடப்பக்கம் நிறுத்தினாள். அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு நேராக நின்றான், இருபது நிமிடமும். கடைசிச் சுற்றில் மாடு ஸ்கேன் எல்லைக்குள் ஓரடி வந்ததைத் தனசீலன் கவனித்தார். நிறுத்தினால் இன்னொரு வாய்ப்பு கிடைக்காது. அவர் நிறுத்தவில்லை.

கோப்பில் வீரனுக்கு ஒரே தலை. காலடியில் மாடு. மாதம்மாள் கையில் வெறும் கயிறு.

"தப்பு என்மேலதாம்மா" என்றார் தனசீலன்.

"கன்னு வீட்ல கெடக்குதே. ஆபீஸ் எத்தன மணிக்குத் தெறப்பீங்க?"

"பத்துக்கு."

"ஆறு மணிக்குத் தெறங்க."

சீம்பாலில் பாதியைக் கல்லுக்கு ஊற்றினாள். மீதியைக் கன்றுக்கு எடுத்துப்போனாள்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைக்கு இயந்திரம் வந்தது. அதே நேரத்தில் தனசீலன் அலுவலகத்தைத் திறந்து கணினியைப் போட்டார். மாதம்மாள் கன்றைத் தூக்கி மேசைமேல் விட்டாள். திரையில் வீரன் வாளைக் கீழே வைத்தான். கன்று மடியை முட்ட வசதியாக ஓரடி விலகி நின்றான்.