பலமனேர் பந்தயத்துக்கு வந்த கூட்டம்

ஆளே இல்லாத மைதானத்தில் வெறும் குரலை வைத்துக்கொண்டு கூட்டம் சேர்க்கத் தெரிந்தவன் சித்தூர் ஜில்லாவில் ஒருவன்தான் உண்டு. அது நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ஆதிகேசவன். சித்தூரில் பி.காம். மூன்றாம் வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பலமனேருக்கு வெளியே, மேட்டு நிலத்தில் இருக்கும் குதிரைப் பந்தயச் சங்கத்தில் மைக் பிடிப்பேன். சங்கத்துக்குக் குதிரைகள் ஐந்து. பணம் கட்டி ஆட அனுமதி கிடையாது. ஜெயித்த குதிரைக்கு ஒரு கோப்பை தரப்படும். அடுத்த வாரம் அதே கோப்பை வேண்டியிருப்பதால் சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொள்ளப்படும். பணம் கட்ட முடியாத பந்தயத்துக்கு வருகிறவன் குதிரைமேல் நிஜமாகவே ஆசை உள்ளவனாக இருக்க வேண்டும். அப்படி நாற்பத்தொரு பேர் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். மீதி மூவரில் இருவர் பெங்களூரில் மகன் வீட்டோடு இருக்கிறார்கள். மூன்றாமவருக்குக் கண் தெரியாது.

ஆனால் நாற்காலிகள் நாற்பத்தொன்றும் இருந்தன. சங்கத்தை ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் பழைய மிஷன் சபைக்காரர்கள். சர்ச்சில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு என்று இருந்த வழக்கத்தை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரும்பு நாற்காலி, முதுகில் வெள்ளைப் பெயிண்டில் உறுப்பினர் பெயர். ஆள் இறந்தாலும் நாற்காலி வேறு யாருக்கும் போகாது. முதல் பந்தயத்துக்கு முன்னால் செயலாளர் வரிசையாக நடந்து, ஒவ்வொரு நாற்காலியிலும் அன்றைய பந்தயச் சீட்டை வைத்து, 'வாங்க' என்று சொல்ல வேண்டும். அது விதி. எழுதி ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது.

செயலாளர் ஜெமிமா அக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கணவர் சுந்தர்ராஜ்தான் முன்பு செயலாளர். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் போன பிறகு இவர் எடுத்துக்கொண்டார். சீட்டை அவரே அச்செடுத்து, அவரே வைப்பார். "வாங்க டாக்டர். வாங்க முனிரத்தினம் அண்ணா." சுந்தர்ராஜ் பெயர் போட்ட நாற்காலிக்கு வந்ததும் 'வாங்க' சொல்லமாட்டார். சீட்டை வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு நகர்வார்.

நான் மைக்கில் அறிவிப்பேன்: "இன்றைய வருகை நாற்பத்தொன்று. மூச்சு விடுபவர்கள் மூன்று." அந்த மூன்று நான், ஜெமிமா அக்கா, கடலை விற்கிற பொன்னியம்மா. பொன்னியம்மா மட்டும் சிரிப்பார்.

"நீ பேசிக்கினே இரு," என்பார் ஜெமிமா அக்கா. "ஒரு நாளு உன் பேரையும் எழுதி வெக்கறேன்."

"எனக்கு ஃபேன் பக்கம் போடுக்கா."

குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற கன்னையாவுக்கு என் நகைச்சுவை பிடிக்காது. அவரும் அவர் மச்சான்கள் நாலு பேரும்தான் ஓட்டுபவர்கள். ஒரு நாள் லாயத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சீட்டு வெக்கறதைப் பாத்து சிரிக்கிறியே, குதிரை காதைப் பாத்தியா? அந்த வளைவு தாண்டி நாற்காலிங்க பக்கம் வரும்போது பாரு."

பார்த்தேன். ஐந்து குதிரைகளும் ஓடுகிற ஓட்டத்தில் காதுகளை அந்தப் பக்கம் திருப்பின. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. தாண்டிப் போனதும் காது பழையபடி ஆனது. அன்று காற்றுகூட அடிக்கவில்லை. காற்று என்றுதான் மைக்கில் சொன்னேன்.

ஜூலையில் ரெவின்யூ ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசி ஞாயிறு ஓர் அதிகாரி வந்து தலையை எண்ணுவார். நூறு பேருக்குக் குறைந்தால், சர்க்கார் நிலமான மைதானம் தக்காளி மார்க்கெட் யார்டுக்குப் போகும். ஜெமிமா அக்கா கடிதத்தை ரெண்டு காப்பி எடுத்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். எதற்கென்று தெரியவில்லை. கையில் காகிதம் வந்தால் அவருக்குப் பழக்கம்.

"மைதானம் போனா குதிரைங்க?" என்றேன்.

கன்னையா சொன்னார்: "கல்யாண ஊர்வலத்துக்குத்தான். வேற யாரு வாங்குவான். பேண்டு சத்தம், பட்டாசு. இதுங்க ஒரு மாசம் தாங்காது."

ஜெமிமா அக்கா போஸ்ட்மேன் என்ற கிழட்டுக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். சுந்தர்ராஜ் குட்டியாக வாங்கி வந்தது அது.

"நூறு பேருதானே?" என்றேன். "நான் பாத்துக்கறேன்."

கூட்டம் எங்கே இருக்கிறது? திருப்பதியில். இதைக் கண்டுபிடிக்க பி.காம். தேவையில்லை. அடுத்த நாளே திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கினவர்கள் அதில் லட்டை மடித்துக்கொண்டார்கள். பிறகு ரகுராமைப் பிடித்தேன். என்னோடு பள்ளியில் படித்தவன், பெங்களூர் யாத்திரை பஸ்களில் கைடு. தரிசனம் முடித்த ஜனத்தை ஏற்றிக்கொண்டு சித்தூர் வழியாகத் திரும்பும்போது பலமனேரில் டீக்கு நிறுத்துவார்கள்.

"டீயை மைதானத்துல குடிக்கட்டும்டா. குதிரையும் பாக்கலாம்."

"அரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்."

"எத்தனை பஸ்ஸு?"

"மூணு. இன்னும் வேணுமா? திருமலையையே தூக்கிக்கினு வரச் சொல்லுவ போல இருக்கு."

கடைசி ஞாயிறு, மூன்றரை மணிக்கு, மூன்று பஸ்ஸும் வந்தன. நூற்றிருபத்தாறு பேர். பாதிப் பேருக்கு மொட்டை, மொட்டையில் சந்தனம். ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவர்கள். ஒருவரும் பேசவில்லை. மஞ்சள் தலைகள் வரிசையாகக் கேட்டைத் தாண்டி வந்து, முதலில் கண்ணில் பட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தன, இடம் கிடைக்காதவை தரையில் உட்கார்ந்தன. ஜெமிமா அக்கா அப்போதுதான் சீட்டு வைத்து முடித்திருந்தார். சிலர் அதை விசிறிக்கொண்டார்கள். சிலர் லட்டுத் தூளைத் துடைத்தார்கள். சுந்தர்ராஜ் நாற்காலியில் ஓர் அம்மா கல்லை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து, உடனே தூங்கிப்போனார்.

ஜெமிமா அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி இன்னும் வரவில்லை. சித்தூரில் மீட்டிங் நீள்கிறது, வந்துக்கினே இருக்கிறார் என்று போன் வந்தது. ரகுராம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். வேறு வழியில்லாமல் பந்தயத்தை ஆரம்பிக்கச் சொன்னேன்.

குதிரைகள் வளைவைத் தாண்டின. தூசியும் குளம்புச் சத்தமும் நெருங்கியதும் தூங்கிக்கொண்டிருந்த ஜனம் திடுக்கிட்டு விழித்தது. திடுக்கிட்டு விழித்த யாத்திரைக்காரர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். நூற்றிருபத்தாறு பேரும் இரண்டு கையையும் தூக்கி, ஒரே குரலில், "கோவிந்தா" என்றார்கள்.

அந்த மைதானத்தில் பல வருடமாக யாரும் கத்தியதில்லை. ஐந்து குதிரைகளும் நின்றன. நின்று, காதுகளைப் பின்னால் படுக்கவைத்து, அப்படியே திரும்பி லாயத்தைப் பார்த்து ஓடின. ஒரு மச்சான் கீழே விழுந்தார். அடியில்லை. பந்தயம் அவ்வளவுதான் போல என்று ஜனம் எழுந்தது. ரகுராம் விசில் ஊதினான். பஸ்கள் போனபோது நாலு மணி ஐந்து நிமிடம்.

நாலே காலுக்கு, தலையை எண்ண வேண்டிய அதிகாரி வைஜயந்தி மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஏமண்டி, ஜனம் எக்கட?" என்றார் தெலுங்கில், ஜனம் எங்கே என்று.

"இப்பதான் மேடம், நூத்தியிருபத்தாறு பேரு," என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல மனுஷி. முழுக்கக் கேட்டார். பிறகு காலி நாற்காலிகளை வரிசையாகப் பார்த்தார். அவர் பார்வை அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றது. துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"நேனு சூசினதேதான், கண்ணால பாத்ததைத்தான், எழுத முடியும் தம்பி," என்றார். "முக்குரு." மூன்று பேர். எழுதினார், ஜெமிமா அக்காவிடம் கையெழுத்து வாங்கினார், போனார்.

ஜெமிமா அக்கா லாயத்தில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் என்னென்னவோ சொன்னேன். மனு போடலாம், கலெக்டரைப் பார்க்கலாம்.

"பரவால்ல கேசவா," என்றார். "நீ கூட்டிக்கினு வந்த. அது நெசம்தானே."

அவர் திட்டியிருக்கலாம்.

"கடைசிப் பந்தயம் பாதியில நிக்குது," என்றார் கன்னையா. "முடிச்சிடறேன்."

அவர் போஸ்ட்மேனை ஓடுபாதைக் கேட் வரை இழுத்து வந்தார். குதிரை அங்கேயே நின்றுவிட்டது. தட்டினார், நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தார். அது நகரவில்லை. பின்னால் வந்த நாலும் நின்றன. எல்லாவற்றின் காதும் நாற்காலிகள் பக்கம் திரும்பி, இப்படியும் அப்படியுமாக, எதையோ தேடுவதுபோல அசைந்துகொண்டிருந்தன.

"இன்னும் பயமா?" என்றேன்.

"பயம் அப்பவே போச்சு." கன்னையா குரலைத் தாழ்த்தினார். "அவுங்க உக்காந்திருந்த எடத்துல வேற ஆளுங்களை உக்கார வெச்சிட்டோம். எழுந்து போய்ட்டாங்க. யாரும் இல்லாம இதுங்க ஓடினதே இல்ல."

எனக்கு உடனே ஒரு பதில் தோன்றியது. நல்ல பதில். சொல்லவில்லை.

மைதானம் அதற்குமுன் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அத்தனை ஞாயிறும் யாரும் இல்லை என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன். இன்று அந்தப் பக்கம் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது, வாசல் திறந்து கிடக்கிற ஆளில்லாத வீடு மாதிரி. பொன்னியம்மாகூடக் கடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு லாயத்தோரம் வந்துவிட்டார்.

நான் அறிவிப்புச் சொல்கிற மரப்பெட்டி அறைக்கு ஏறி மைக்கை அணைத்தேன். அணைந்ததா என்று இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். பிறகு இறங்கிப் போய், கீழே கிடந்த சீட்டுகளைப் பொறுக்கினேன். நெய்க்கறை, சந்தனம், செருப்புத் தடம். ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்துத் தேய்த்து நேராக்கினேன். முதல் மூன்று நாற்காலியில் சும்மா வைத்துவிட்டு நகர்ந்தேன். கேட்டில் ஒரு குளம்புகூட அசையவில்லை.

நாலாவது நாற்காலியில் சீட்டை வைத்தேன். பின்னால் யாரும் கேட்கிற தூரத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

"வாங்க டாக்டர்," என்றேன்.

ஐந்தாவதில், "வாங்கண்ணா." முதல் மூன்றுக்கும் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சுந்தர்ராஜ் நாற்காலிக்கு வந்தபோது கல்லைத் தேடி எடுத்துச் சீட்டின்மேல் வைத்தேன். ஜெமிமா அக்கா அந்த ஒரு நாற்காலிக்கு ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று தெரியாததால், நானும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கேட் பக்கம் மணலில் குளம்பு நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன.