கால் தெரியாத பறவை

பாதாளக் கரண்டி மறுபடியும் வெறுமனே வந்தது. சிக்கியிருந்த முள்ளுக் கிளையை உதறிவிட்டுத் தீயணைப்புக்காரர் மதகுப் பக்கமே திரும்ப வீசினார். ஏரியில் ஆழம் அங்கேதான் என்று ஊரே சொல்லியிருந்தது.

அன்பரசி புருஷனின் பைக்கைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். நேற்றுப் பொழுது சாய்ந்தும் வராத மாதேஷைத் தேடி வந்தபோது அது இங்கேதான் நின்றிருந்தது. பக்கத்தில் செருப்பு. டேங்க் கவரில் செல்போன். கேமராதான் இல்லை. பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாணம் இல்லாத நாளெல்லாம் ஏரி ஏரியாகப் பறவை எடுக்கப் போய்விடுவான்.

"செருப்ப கழட்டி வெச்சிட்டு எறங்கியிருக்கான்," என்றார் பக்கத்துக் காட்டுக்கார முனியப்பன். "வூட்ல எதாச்சும் வாய்த்தகராறாம்மா?"

"இல்லீங்க."

இருந்தது. வளைகாப்பு ஆர்டரை விட்டுவிட்டுக் கிளம்பியவனிடம், "போயி அந்த ஏரியிலயே கெட" என்று கத்தியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் போனான். சிரித்தானா? விடிய விடிய நினைத்துப் பார்த்ததில் அந்த முகமே கலைந்துவிட்டது.

"அவருக்கு நீச்சல் தெரியாதுங்க. முழங்காலுக்கு மேல தண்ணின்னா எறங்கவே மாட்டாரு."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

மாதேஷின் அண்ணன் தீர்த்தகிரி புளியமரத்தடியில் குந்தியிருந்தான். பொக்லைன் ஓட்டுகிறவன். வாங்கிக் கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போயிருந்தது. எல்லாரும் மதகைப் பார்க்க, அவன் நடு ஏரியைப் பார்த்தான். கரைக்குக் கரை ஒரே கலங்கல். நடுவில் ஒரு சின்னக் குருவி மட்டும்.

அன்பரசி செல்போனைத் திறந்தாள். பறவைக்காரர்கள் குரூப்பில் மாதேஷ் கடைசியாக அனுப்பிய படம்: சாம்பல் நிறக் குருவி, ஊசி மூக்கு. கீழே அவன் குரல். "இளம்பரிதி, உள்ளான் ஜாதிதான், எதுன்னு புடிபடல. நடு ஏரில நிக்குது பாரு. அது நின்னா கணுக்கால் தண்ணிதான். கிட்ட போயி எடுத்து அனுப்புறேன்."

அவ்வளவு குஷியான குரல். இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். சாகப் போகிறவன் குரல் இல்லை.

அதற்கு வந்த பதில் கேட்கப்படாமலே கிடந்தது. நாகப்பட்டினத்து இளம்பரிதி: "அண்ணே, அது நிக்கல. காலு தெரியுதா பாருங்க. நீந்துது! கடல்ல மெதக்குற உள்ளான்ணே, புயல் காத்துல உள்ள வந்திருக்கும்." அடுத்ததில் ஒரே வார்த்தை. "அண்ணே?"

"மதகுகிட்ட இல்லீங்க," அன்பரசி சத்தம் போட்டாள். "அந்தக் குருவிகிட்ட பாருங்க."

"அங்கியா? மாடு மேஞ்ச எடம்மா அது," என்றார் முனியப்பன். பிறகு குரல் இறங்கியது. "மழைக்கு முன்னால ராத்திரில திருட்டு மண்ணு ஓட்டுனானுங்க. எங்க தோண்டுனானுங்கன்னு எவன் கண்டான்."

தீர்த்தகிரி எழுந்தான். வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கரண்டியையும் கயிற்றையும் வாங்கி ஏரியில் இறங்கினான். தீயணைப்புக்காரர் ஆழம் பார்க்கக் கழியை நீட்டினார். வாங்கவில்லை. கணுக்கால், முழங்கால் என்று தண்ணீர் ஏற ஏற, நேராகப் போகாமல் வண்டித் தடத்தில் போகிறவன் போல வளைந்து போனான். காலால் துழாவிப் பார்க்காமலே ஓரிடத்தில் சட்டென்று நின்று, ஓர் அடி முன்னால் கரண்டியை விட்டான்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது.

முதல் தடவையிலேயே மாட்டியது. கேமரா வார் மாதேஷின் கழுத்திலேயே இருந்தது.

ஆட்கள் போய்த் தூக்கி வந்தார்கள். அன்பரசி அழவில்லை. கோடையில் சில விடியற்காலைகளில் தீர்த்தகிரி அவர்கள் வீட்டுக் குழாயடியில் நின்று கால் கழுவுவான். ரோட்டு வேலை என்பான். காலெல்லாம் ஏரிக் கரம்பை மண். ரோட்டில் கரம்பை ஏது என்று அவள் கேட்டதில்லை.

தீர்த்தகிரி இன்னும் கரைக்கு வரவில்லை.

"மாமா," என்று கூப்பிட்டாள். "பள்ளம் எதுவரைக்கும் போவுதுங்க?"

அவன் ஈரக் கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். அவனுக்கு முன்னால் அந்தக் குருவி பழைய இடத்துக்கே மிதந்து வந்து, பம்பரம் போலச் சுற்றிச் சுற்றித் தண்ணீரைக் கொத்தத் தொடங்கியது.